நேர்முகத் தேர்வில் நா உலர்வது ஏன்?

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நன்றாகவே படித்திருக்கிறீர்கள். உங்கள் பெயரைக் கூப்பிடுகிறார்கள், உள்ளே செல்கிறீர்கள். மேசைக்கு அப்பால் மூவர். முதல் கேள்வி, நேற்றிரவு படித்த பாடத்திலிருந்துதான். ஆனால் நா உலர்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, விடை வர மறுக்கிறது. வெளியே வந்து மாடிப்படி இறங்கும்போது அதே விடை வரி பிறழாமல் நினைவுக்கு வருகிறது!

"எனக்குத் துணிவு போதாது" என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். இது குணக்குறை அன்று. உடலின் இயல்பான செயல்.

சிறுநீரகத்தின் மேல் ஒரு தொப்பி

நம் இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி கவிழ்த்தாற்போல் அமைந்திருப்பவை அட்ரினல் சுரப்பிகள். ஆபத்து என்று மூளை உணர்ந்தவுடன் பரிவு நரம்புகள் வழியாக இவற்றுக்கு ஆணை வருகிறது. நொடிகளில் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது; கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விடுவிக்கிறது; செரிமான வேலை தள்ளிவைக்கப்படுகிறது; உமிழ்நீரும் குறைகிறது. எதிர்த்துப் போராடவோ தப்பி ஓடவோ உடல் செய்யும் ஆயத்தம் இது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். புலியைக் கண்டவருக்கு இது உதவும். நாற்காலியில் அமர்ந்து விடை சொல்ல வேண்டியவர் என்ன செய்வார்?

சில நிமிடங்கள் கழித்து, அதே சுரப்பியின் புறப்பகுதியிலிருந்து கார்ட்டிசால் என்ற மற்றொரு ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. இது மூளையை எட்டும்போது, முன்பு கற்றதை நினைவுக்குக் கொண்டுவருவது கடினமாகிறது. விடை மறைந்துவிடவில்லை, அதை எடுக்கும் வழிதான் சற்று நேரம் அடைபடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு நேர்முகத் தேர்வு

மன நெருக்கடியை அளந்தறிய, ஜெர்மனியிலுள்ள ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த நெருக்கடி எது தெரியுமா? நேர்முகத் தேர்வேதான்! குழுவினர் முன்னே நின்று, வேலைக்குத் தாமே ஏற்றவர் என்று 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு 1,022-லிருந்து 13, 13-ஆக மனக்கணக்கில் கழித்துக்கொண்டே போகவேண்டும்: 1,009, 996, 983... தவறினால் மீண்டும் 1,022! குழுவினர் புன்னகைக்கவோ தலையசைக்கவோ மாட்டார்கள். உமிழ்நீரைச் சோதித்தபோது, பெரும்பாலோரிடம் கார்ட்டிசால் அளவு இரண்டு முதல் நான்கு மடங்காக உயர்ந்திருந்தது.

பின்னர் 20 ஆண்களை ஐந்து நாட்கள் தொடர்ந்து இத்தகைய சோதனைக்கு உட்படுத்தி, 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 13 பேருக்கு இரண்டாம் நாளிலிருந்தே கார்ட்டிசால் உயர்வு வெகுவாகக் குறைந்துவிட்டது. எஞ்சிய 7 பேருக்கு மட்டுமே அது நீடித்தது. பழகிய நெருக்கடியை உடல் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்பதே இதன் பொருள்.

மூடிய புத்தகம்

அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 120 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2016-இல் வெளியாயிற்று. ஒரு சாரார் பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தனர். மறுசாரார் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகினர். மறுநாள் நெருக்கடிக்கு ஆளானபோது முதல் சாராரின் நினைவு தடுமாறியது. இரண்டாம் சாராரின் நினைவோ குலையவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் வழிகள் எளியவை, செலவில்லாதவை.

முதலாவது, படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழில் படித்ததை ஆங்கிலத்தில் கூற நேருமானால் ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகுங்கள். பொருள் தெரிந்திருந்தும் சொல் வராமல் வேலையை இழப்பவர் பலர்.

இரண்டாவது, நண்பர்கள் மூவரை மேசைக்கு அப்பால் உட்கார வைத்து, சிரிக்காமல் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளோடு நிறுத்தாமல் வெவ்வேறு நாட்களில் இதைச் செய்யுங்கள்.

மூன்றாவது, காத்திருக்கும்போது மூச்சை மெல்ல, நீளமாக வெளிவிடுங்கள். மூச்சு வெளியேறும் பொழுதில் இதயத்துடிப்பு சற்றுக் குறைவது இயற்கை. மணிக்கட்டில் நாடியைத் தொட்டு நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். உள்ளே போகுமுன் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள்.

நான்காவது, கேள்வி முடிந்ததும் இரண்டொரு நொடி எண்ணிப் பார்த்துப் பேசத் தொடங்குங்கள். விடை தெரியாவிட்டால், "தெரியவில்லை, ஐயா" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இல்லாததைப் புனைந்து சொன்னால் அடுத்த கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்ள நேரும்.

இத்தனைக்கும் பிறகு, கதவைத் திறக்கும்போது நெஞ்சு சற்றுப் படபடக்கத்தான் செய்யும். படபடக்கட்டும்! உங்களுக்கு உதவ உடல் ஆயத்தமாகிறது என்று எண்ணிக்கொண்டு உள்ளே செல்லுங்கள்.