முட்டையை வைத்தே கடற்காகத்தைப் பிடிக்கிறார்கள்... ஏன் தெரியுமா?

பெல்ஜியத்தின் ஜீப்ரூகே, கண்டெய்னர்களும் கார் யார்டுகளும் நிறைந்த துறைமுகம். கடலைத் தூர்த்து உருவாக்கிய மணல் நிலம் அங்கே சும்மா கிடந்த காலத்தில், கடற்காகங்கள் (சீகல்தான்!) ஆயிரக்கணக்கில் கூடு கட்டின. பிறகு கட்டுமானம் வந்தது, நரிகளும் வந்தன. இடம் சுருங்கவே, பறவைகள் குடோன் கூரைகளுக்கும் ஊருக்குள் மொட்டை மாடிகளுக்கும் குடியேறின. விடியற்காலைச் சத்தம், கார் மேல் எச்சம் என்று ஒரே புகார்.

விரட்டலாமா? ஐரோப்பியச் சட்டப்படி இவை பாதுகாக்கப்பட்ட பறவைகள். அதோடு, இவை எங்கே போய்ச் சாப்பிடுகின்றன என்பதே தெரியாமல் எங்கே விரட்டுவது? அதனால்தான் 2013-ல் அந்நாட்டின் இயற்கை மற்றும் வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்தத் தொடங்கியது.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

பறக்கும் கடற்காகத்தைப் பிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால், அடைகாக்கும் பறவை முட்டையை விட்டு வெகுநேரம் விலகாது. கூட்டின் மேல் வாசல் வைத்த கம்பிவலைக் கூண்டைக் கவிழ்த்துவிட்டு ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள். பறவை சுற்றிச் சுற்றிப் பார்க்கும், தயங்கும், கடைசியில் முட்டைக்காக உள்ளே நுழையும். அவ்ளோதான். எடை பார்த்து, காலில் வளையம் மாட்டி, ஸ்கூல் பேக் மாதிரி முதுகில் சோலார் கருவியைக் கட்டி விட்டுவிடுவார்கள்.

கேட்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது. ஆபத்தும் உண்டு. ஆள் கால் வைத்தாலே மொத்தக் கூட்டமும் எழுந்து பறக்கும். அந்த நேரத்தில் முட்டை குளிர்ந்துபோகலாம், பக்கத்துக் கூட்டுப் பறவையே கொத்தித் தின்றும் விடலாம். அதனால் இத்தகைய ஆய்வுகளில் கூண்டை நீண்ட நேரம் விட்டுவைப்பதில்லை. முட்டை உடையாமலிருக்க டம்மி முட்டை வைப்பதும் வழக்கம். கருவியின் எடை பறவையின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு.

என்ன தெரிந்தது?

பெல்ஜியம், நெதர்லாந்து கடலோரத்தில் கூடு கட்டிய 101 பறவைகளிடமிருந்து கிட்டத்தட்ட 25 லட்சம் இருப்பிடப் பதிவுகள் கிடைத்தன. ஹெர்ரிங் வகை பெரும்பாலும் கடலோரத்தையே சுற்றுகிறது. கருமுதுகு வகைதான் ஊர்சுற்றி. குளிர்காலத்தில் ஸ்பெயின், மொராக்கோ வரை போகிறது. சில பறவைகள் ஜீப்ரூகேயிலிருந்து 60 கி.மீ.க்கும் அப்பால், மூஸ்க்ரோன் நகரிலுள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலைக்கு 'டியூட்டி' போல வந்துபோனது தெரிந்தது. கழிவுக் கிழங்குதான் டார்கெட்!

ஆக, துறைமுக நகரங்களில் குப்பைத் தொட்டியைப் பூட்டுவதால் மட்டும் இந்தக் கருமுதுகுக் கூட்டம் கிளம்பிவிடாது. நரி ஏற முடியாத, ஆள் நடமாட்டம் இல்லாத கூடு கட்டும் இடம்தான் அவற்றுக்கு முக்கியம். அதைத் துறைமுகத்துக்குள்ளேயே ஒதுக்குவதா, எவ்வளவு ஒதுக்குவதா என்பதுதான் அங்கே பேச்சு.