பாம்புக்கு வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும்

பிரிட்டன், கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் செல்லப்பிராணிக் கடைக்குப் போனால், பால் பைத்தானும் கார்ன் ஸ்நேக்கும் கண்ணாடித் தொட்டிக்குள் சுருண்டு கிடப்பதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் விஷம் கிடையாது. சத்தம் போடாது, முடி உதிராது, தினமும் தீனி வைக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் பலருக்கு ஆசை வந்துவிடுகிறது. பாம்பையும் தொட்டியையும் ஒரே நாளில் வாங்கி வருகிறார்கள். தொட்டிக்குள் எந்த மூலையில் எத்தனை டிகிரி வெப்பம் இருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் அப்போது எழுவதில்லை. சில மாதங்கள் கழித்து, இரை எடுக்காத, வாயைத் திறந்து மூச்சுவிடும் பாம்பைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது. வளர்ப்புப் பாம்புகளுக்கு வரும் நோய்களில் பல, வெப்பத்தைச் சரியாகக் கவனித்தாலே தவிர்க்கக்கூடியவை.

வெப்பம்தான் அதன் உடல்நலம்

நம் உடலுக்குள் எப்போதும் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. வெளியே பனி பெய்தாலும் உள்ளே 37 டிகிரி செல்சியஸ் மாறுவதில்லை. பாம்புக்கு அந்த வசதி இல்லை. வெயிலில் கிடந்து சூட்டை ஏற்றிக்கொள்ளும், போதும் என்றானதும் வளைக்குள் போய் ஆறும். முட்டையைச் சுற்றிச் சுருண்டு, தசையை நடுக்கிச் சூடு உண்டாக்கி அடைகாக்கும் தாய் மலைப்பாம்பு அரிய விதிவிலக்கு.

செரிமானம், நோய் எதிர்ப்பு, சட்டை உரித்தல் எல்லாமே உடலின் வெப்பநிலையைப் பொறுத்தவை. இரை விழுங்கிய பாம்புகள் பலவும் சூடான இடத்தைத் தேடிப் போவது இதனால்தான். நோய் வந்தால் சூட்டைத் தேடுவதும் ஊர்வனவற்றின் இயல்பு. 1974-இல் அமெரிக்க ஆய்வாளர் மேத்யூ க்ளூகரும் உடன் பணியாற்றியவர்களும் பாலைவன இகுவானா என்ற இனத்துப் பல்லிகளுக்குள் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்தப் பல்லிகள் வழக்கத்தைவிடச் சுமார் 2 டிகிரி கூடுதலான சூட்டைத் தேடிப் போய்த் தங்கின. நமக்குக் காய்ச்சல் தானாக வருகிறது. அவை நடந்து போய்க் காய்ச்சலை வரவழைத்துக்கொண்டன. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், சூடான சூழலில் வைக்கப்பட்டவையே அதிகம் பிழைத்தன.

தொட்டிக்குள் அடைத்த பாம்புக்கு இப்படித் தேடிப்போக இடம் இல்லை. நாம் அமைத்துக் கொடுப்பதுதான் அதன் வெயில், அதுதான் அதன் நிழல்.

சூடு குறைந்தால்

முதலில் அடிபடுவது செரிமானம். விழுங்கிய எலி செரிக்காமல் வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். சில நாட்களில் பாம்பு அதைக் கக்கிவிடும். கக்கிய பாம்புக்கு உடனே மறுபடி இரை கொடுக்கக் கூடாது. தொட்டியின் வெப்பத்தைச் சரிசெய்து, இரண்டு வாரம் போல வயிற்றுக்கு ஓய்வு தர வேண்டும். மீண்டும் கக்கினால் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம்.

அடுத்தது மூச்சுக்குழாய்த் தொற்று. மூக்குத் துளையில் சிறு குமிழி தோன்றும், மூச்சுவிடும்போது விசில் போன்ற ஒலி கேட்கும், வாயோரம் கெட்டியான எச்சில் வழியும். தலையை மேல்நோக்கித் தூக்கி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். இருமித் துப்பும் வசதி பாம்புக்கு இல்லாததால் சளி நுரையீரலிலேயே தேங்கிவிடும். இந்த நிலையில் கைவைத்தியம் உதவாது. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

சூடு கூடினால்

குளிரைவிட வேகமாகக் கொல்வது அதிக வெப்பம். பால் பைத்தானைத் தப்பிக்க வழியின்றி 35 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால் உயிருக்கே ஆபத்து. பிழைத்தாலும் நரம்பு மண்டலம் பாதிக்கப்படலாம். நேர் வெயில் படும் ஜன்னலோரத்தில் கண்ணாடித் தொட்டியை வைக்கவே கூடாது. கண்ணாடி வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும்.

இன்னொன்று தீக்காயம். சூடு பட்டால் பாம்பு தானே விலகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பால் பைத்தானின் உதட்டுச் செதில்களில் இரையின் உடற்சூட்டை இருட்டிலும் உணரும் குழிகள் உண்டு. அப்படியிருந்தும், அடிவயிறு வெந்துகொண்டிருக்கும்போது அது அதே இடத்தில் கிடப்பதை மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். முதலில் வயிற்றுச் செதில்கள் இளஞ்சிவப்பாகும், பிறகு கொப்புளம் எழும், பழுப்பாகி உரியும். வயிறு தரையோடு தேய்ந்துகொண்டே இருப்பதால் இந்தப் புண் ஆறச் சில சமயம் மாதக்கணக்காகும்.

ஒரு தொட்டி, இரண்டு முனை

“என் பாம்புக்கு எத்தனை டிகிரி வைப்பது?” என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒரே எண்ணை விடையாகச் சொல்ல முடியாது. தொட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். நடுவில் வெப்பம் படிப்படியாக இறங்க வேண்டும். எங்கே இருப்பது என்பதைப் பாம்பு முடிவு செய்துகொள்ளும்.

பால் பைத்தானுக்குச் சூடான முனையில் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த முனையில் 24 முதல் 27 டிகிரி. மேற்கு ஆப்பிரிக்காவில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பதுங்கி வாழும் இனம் இது என்பதால் இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்க விடாமல் இருப்பது நல்லது. அமெரிக்காவைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான முனை 28 முதல் 30 டிகிரி, குளிர்ந்த முனை 22 முதல் 24 டிகிரி. இரவில் 20 வரை இறங்கினாலும் தாங்கும்.

இந்த ஏற்ற இறக்கம் அமைய நீளம் வேண்டும். சிறிய தொட்டியில் ஹீட்டர் போட்டால் மொத்தத் தொட்டியும் ஒரே சூடாகிவிடும். வளர்ந்த பால் பைத்தானுக்கு 120 சென்டிமீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் குறைந்தபட்சம் தேவை.

மறைவிடம் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றைக் குளிர்ந்த பக்கம் வைத்துவிட்டால், பயந்த சுபாவமுள்ள பாம்பு அங்கேயே பதுங்கிக் கிடக்கும். சூடு தேவைப்பட்டாலும் வெளியே வராது. ஒளிவதா, சூடு ஏற்றுவதா என்ற நெருக்கடியை அதற்கு நாம் உண்டாக்கக் கூடாது.

எதைக் கொண்டு சூடேற்றுவது?

சூடேறும் விரிப்பான ஹீட் மேட்டைக் கண்ணாடித் தொட்டியின் அடியில், வெளிப்புறமாக, தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வருமாறு பொருத்துவார்கள். தரையைச் சூடாக்கும், காற்றை அதிகம் சூடாக்காது. அதற்கு மேலே தொட்டிக்குள் மரத்தூளைக் கனமாகக் கொட்டினால் வெப்பம் அடியிலேயே தேங்கிவிடும். பாம்பு தூளைத் துளைத்துக்கொண்டு கீழே போனால் வயிறு வெந்துவிடும்.

மேலிருந்து சூடு தரும் ஹாலஜன் பல்பு இயற்கை வெயிலுக்கு நெருக்கமானது, பகலுக்கு ஏற்றது. இரவுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் போதும். வெளிச்சம் பாம்புக்குத் தெரியாது என்று சொல்லி விற்கப்படும் சிவப்பு, நீல பல்புகள் இரவுக்கு வேண்டாம். பல்போ செராமிக் ஹீட்டரோ தொட்டிக்குள் இருந்தால், சுற்றிலும் கம்பிக்கூண்டு கட்டாயம். இல்லாவிட்டால் பாம்பு ஏறி அதையே சுற்றிக்கொள்ளும். செயற்கைப் பாறைக்குள் மின்கம்பி வைத்த ஹீட் ராக் பக்கம் போகவே வேண்டாம். பாறையின் ஒரு பகுதி மட்டும் கொதித்துத் தீக்காயம் உண்டாக்குவதில் அது பேர்போனது.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டர் கூடாது

எந்த ஹீட்டராக இருந்தாலும் அதை, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வழியாகத்தான் இயக்க வேண்டும். ஹீட் மேட்டுக்குச் சாதாரண ஆன்-ஆஃப் வகை போதும். செராமிக் ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பல்ஸ் வகையும், ஹாலஜன் பல்புக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகையும் பொருத்தம்.

தெர்மோஸ்டாட் வாங்கியவர்களும் கோட்டைவிடும் இடம் அதன் சென்சார் முனை. அதைச் சூடான முனையில் அசையாமல் பொருத்த வேண்டும். இரவில் பாம்பு ஊர்ந்து அதைக் குளிர்ந்த பக்கம் தள்ளிவிட்டால், இன்னும் சூடு போதவில்லை என்று எண்ணிக்கொண்டு தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தாமல் ஓட்டும். காலையில் பார்த்தால் சூடான பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்காகத் தொட்டிக்குள் டேப் ஒட்டவும் கூடாது. டேப்பில் ஒட்டிக்கொண்ட பாம்பின் தோல் கிழிந்துவரும். தொட்டியோடு பிடித்துவைக்கும் கிளிப் நல்லது.

கையால் தொட்டுச் சொல்லாதீர்கள்

நம் கைக்கு இதமான சூடு எத்தனை டிகிரி என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டர், அது ஒட்டியிருக்கும் இடத்தின் வெப்பத்தைக் காட்டுமே தவிர, பாம்பு படுத்திருக்கும் தரையின் வெப்பத்தைக் காட்டாது. சென்சார் கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டரை முனைக்கு ஒன்றாகத் தரைமட்டத்தில் வையுங்கள். கூடவே அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் மறைவிடத்தின் உள்தரை, பல்புக்கு நேர்கீழே உள்ள கல் என்று ஒவ்வொரு இடத்தையும் நொடியில் அளந்துவிடலாம்.

கருவியோடு கண்ணும் வேண்டும். பாம்பு எந்நேரமும் சூடான பக்கத்தை விட்டு நகராவிட்டால் தொட்டி மொத்தமும் குளிர்ந்திருக்கலாம். குளிர்ந்த முனையின் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தாலோ, நாள் முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரத்தில் ஊறினாலோ சூடு மிஞ்சியிருக்கலாம். உண்ணி இருந்தாலும் தண்ணீரில் கிடக்கும் என்பதால் செதில் இடுக்குகளையும் பாருங்கள். இரு பக்கமும் மாறி மாறிப் போய்வந்தால் அமைப்பு சரியாக இருக்கிறது.

மின்வெட்டும் கோடையும்

2013 டிசம்பரில் டொரன்டோவைத் தாக்கிய உறைமழைப் புயலில் லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனது. பல வீடுகளுக்கு நாட்கணக்கில் திரும்பவில்லை. குளிர்நாட்டில் பாம்பு வளர்ப்பவர் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். பாம்பைத் துணிப்பையில் இட்டு, காற்றுத்துளையுள்ள தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வைக்கலாம். பாட்டில் உடம்பில் நேரடியாகப் படக் கூடாது. மின்சாரம் வரும்வரை இரை கொடுக்க வேண்டாம்.

சென்னை போன்ற ஊர்களில் சிக்கல் தலைகீழ். மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது பூட்டிய மாடியறையில் குளிர்ந்த முனை என்று ஒன்றே இருக்காது. தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தும், அறையைக் குளிரவைக்காது. தொட்டியை வீட்டிலேயே குளுமையான அறைக்கு மாற்றுங்கள். ஏ.சி. அறையானால் அது இறக்கும் சூட்டை ஹீட்டர் ஈடுசெய்கிறதா என்று அளந்து பாருங்கள்.

வீட்டாரின் நலம்

ஆரோக்கியமாகத் தெரியும் பாம்பின் கழிவிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பாம்பையோ தொட்டியையோ தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பாம்பைக் கையாளாமல் இருப்பதே பாதுகாப்பு.

சட்டம் சொல்வது

இந்தியாவில் நம் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வைப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் திணித்துக் கடத்திவரப்பட்ட பால் பைத்தான்கள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. உரிய ஆவணம் இல்லாத பாம்பை வாங்குவது அந்தக் கொடுமைக்குப் பணம் கொடுப்பதாகும்.

முதலில் தொட்டி, பிறகு பாம்பு

சட்டம் அனுமதிக்கும் இடத்தில் பாம்பு வளர்க்க முடிவு செய்தவர்கள் முதலில் தொட்டி, ஹீட்டர், தெர்மோஸ்டாட், தெர்மாமீட்டர் ஆகியவற்றை மட்டும் வாங்குங்கள். காலித் தொட்டியை ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். காலை, மதியம், நள்ளிரவு என்று இரு முனைகளின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு நாளும் அளவுகள் மேலே சொன்ன எல்லைக்குள் நின்றால், அந்தத் தொட்டி ஓர் உயிரை ஏற்கத் தயார். நிற்காவிட்டால் குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். அதுவரை பாம்பு காத்திருக்கட்டும்.