கண் அழற்சி: வாலிபருக்கு வலிக்கும், வயதானவருக்கு மறைக்கும்



ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில், துவரம்பருப்புச் சிட்டையில் 60 மூட்டை என்று இருந்ததை நாம் 80 என்று வாசித்தோம். கணக்கப்பிள்ளை திருத்திச் சொன்னபோது அவரைக் கடிந்துகொண்டோம். பிறகு பார்த்தால் தவறு நம் வலக்கண்ணில் இருந்தது.

அதற்கு முன்பே சில மாதங்களாகக் கண்ணில் மூட்டம். வெள்ளைத் தாளைப் பார்த்தால் சீரகம் தூவியதுபோல் புள்ளிகள் மிதக்கும். வலி இல்லை, சிவப்பும் அதிகம் இல்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு வரும் புரைதான் என்று இருந்துவிட்டோம். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் ஒரு சொட்டு மருந்து வாங்கி, தோன்றியபோதெல்லாம் விட்டுக்கொண்டோம்.

அதே சமயம் மண்டியில் நம்மோடு இருக்கும் அக்காள் மகனுக்கும் கண் நோய் வந்தது. வயது 28. ஒரே இரவில் கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. 'மெட்ராஸ் ஐ' என்றுதான் நினைத்தோம். பீளை இல்லையே என்று அவன் மறுநாளே மருத்துவரிடம் போனான். ஒன்றரை மாதத்தில் குணமாகிவிட்டான்.

இருவருக்கும் வந்தது 'யூவியைட்டிஸ்' எனும் கண்ணின் உள் அழற்சி. இது 20 முதல் 50 வயது வரை உள்ளவர்களுக்கே அதிகம் வருகிறது. வாலிபர்களுக்குப் பெரும்பாலும் கண்ணின் முன்பகுதியில் திடீரென்று வரும். சிலருக்கு முதுகெலும்பு வாதத்தோடு தொடர்பு உண்டு. காலையில் எழுந்ததும் முதுகு பிடிப்பதை மூட்டை தூக்கிய வலி என்று நம் பையன் நினைத்திருந்தான். 'எச்.எல்.ஏ. பி27' என்ற இரத்தப் பரிசோதனைதான் காரணத்தைக் காட்டியது.

வயதானவர்களுக்குச் சத்தமில்லாமல் வருவதுண்டு. அக்கி, காசநோய், கண் அறுவைக்குப் பின் வரும் தொற்று எனக் காரணங்கள் பல. அபூர்வமாக, அழற்சிபோல் தோன்றுவது கண்ணுக்குள் வந்த புற்றுநோயாகவும் இருக்கலாம். ஆகவே முதியவருக்கு முதல்முறை வந்தால் காரணத்தைத் தேடாமல் விடக்கூடாது.

மருந்திலும் வேறுபாடு உண்டு. இதற்குக் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு. மாத்திரையாகச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனப்படும். சொட்டு மருந்தும் கண் அழுத்தத்தைக் கூட்டலாம், புரையை விரைவுபடுத்தலாம். நாமாக வாங்கி விட்டதும் ஸ்டீராய்டுதான்! நோய் உள்ளே இருக்க, அழுத்தமும் ஏறி, கண் நரம்பு கொஞ்சம் கெட்டுவிட்டது. கெட்ட பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். மீதியைக் காப்பாற்றவே இப்போது வைத்தியம்.

நம் தொழிலுக்கு நெருங்கிய காரணம் ஒன்றும் உண்டு. 1993-ல் பெருமழை வெள்ளத்துக்குப் பிறகு மதுரை வட்டாரத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. காய்ச்சல் விட்டுப் பல வாரங்கள், மாதங்கள் கழித்துப் பலருக்கு இந்த அழற்சி வந்ததை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் கண்டறிந்தனர். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலிலுள்ள புண் வழியே ஏறுகிறது. அரிசியும் பருப்பும் அடுக்கிய கிட்டங்கியில் எலி இல்லாமலா இருக்கும்? மழைநீர் புகுந்தால் ஆட்களை வெறுங்காலோடு இறக்காதீர்கள். ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

கண் சிவந்து வலித்தால் அன்றே காட்டுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் மூட்டமோ மிதக்கும் புள்ளியோ கண்டால், வலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சீட்டு இல்லாமல் சொட்டு மருந்து வாங்காதீர்கள்.

சரக்கில் நட்டம் வந்தால் அடுத்த பருவத்தில் எடுத்துவிடலாம். நம் வலக்கண்ணில் போனதை எந்தப் பருவத்திலும் எடுக்க முடியாது. கணக்கப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இப்போது சிட்டைகளை அவர்தான் நமக்கு வாசித்துக் காட்டுகிறார்.