ஓடும் காலுக்கு ஏடும் வேண்டும்!

"விளையாட்டு வினையாகும்" என்று நம் வீடுகளிலே சொல்வார்கள். வினை என்றால் கேடு என்று மட்டுந்தானா பொருள்? தொழில் என்றும் பொருளுண்டே! விளையாட்டு பாடமாகும், பட்டமாகும், பதவியாகும். வசதி படைத்தோர் இதை அறிவர். பென்னாகரத்துப் பாட்டாளியின் வீட்டிலும் இது தெரியவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

தருமபுரிக்கு மேற்கே, ஒகேனக்கல் போகும் வழியில் இருக்கிறது பென்னாகரம். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறவேண்டிய குடும்பங்கள் அங்கே ஏராளம். அத்தகைய வீட்டுப் பையன் பள்ளிப் போட்டியிலே முதலாவதாக ஓடி வருகிறான். கை தட்டுகிறார்கள், சான்றிதழ் தருகிறார்கள். பிறகு? சான்றிதழ் பரணிலே, பையன் கட்டட வேலையிலே! தசையிலே வலுவிருந்தும் திசை தெரியாத காரணத்தால் வந்த நிலை இது.

திசையைச் சொல்வோம், தோழர்களே!

1920இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையிலே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே இவ்வகையில் முதற் கல்லூரி அதுதான் என்பர். நந்தனத்தில் அது இன்றும் நடக்கிறது. 1957இல் குவாலியரிலே லட்சுமிபாய் பெயரால் மத்திய அரசு ஒரு கல்லூரி கண்டது; அது இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 2004இல் இயற்றப்பட்ட சட்டத்தால், உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே தமிழ்நாட்டில் ஒரு தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது. மேலக்கோட்டையூரில் இருக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு.

ஏறவேண்டிய படிகள் என்ன? முதற்படி, ஏதேனும் ஒரு பட்டம். பென்னாகரத்திலேயே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அடுத்த படி பி.பி.எட். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டாண்டுப் படிப்பு. பொதுவாகப் பட்டத்திலே நூற்றுக்கு 50 மதிப்பெண்ணும், போட்டிகளிலே கலந்துகொண்டதற்கான சான்றும் கேட்பார்கள். பரணிலே தூங்கும் சான்றிதழுக்கு இங்கேதான் விலை! மூன்றாம் படி எம்.பி.எட்.; அதுவும் இரண்டாண்டு. அதற்கும் மேலே முனைவர் பட்டம்.

"ஓடுவதற்கும் குதிப்பதற்கும் ஒரு படிப்பா?" என்று கேலி பேசுவோர் உண்டு. மூட்டை தூக்கும் தோழரைக் கேட்டுப் பாருங்கள். சுமையை உடலோடு ஒட்டிப் பிடித்தால் முதுகு தாங்குகிறது. அதே சுமையைத் தள்ளிப் பிடித்தால் இடுப்பு ஒடிகிறது. ஏன்? தசை இழுக்கும் விசை, எலும்பு நெம்புகோலாக நிற்கும் விதம், மூட்டு சுழலும் கணக்கு ஆகியவற்றை ஆராய்வதுதான் உடலியக்கவியல். ஓட்டக்காரனின் காலுக்கு மட்டுமா அது பயன்படும்? உழைப்பாளியின் முதுகுக்கும் அதுவே காவல்!

கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வேண்டுமா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், முதுகலைப் பட்டத்தில் நூற்றுக்கு 55 மதிப்பெண் கேட்கின்றன. தகுதித் தேர்வில் வெற்றியோ முனைவர் பட்டமோ கேட்கின்றன. அத்தோடு உடற்தகுதியையும் சோதிக்கின்றன. 30 வயது வரையுள்ள ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் கடக்கவேண்டும். பெண் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். மேடும் பள்ளமும் மிதித்து வளர்ந்த பென்னாகரத்துப் பிள்ளைக்கு 1,800 மீட்டர் ஒரு தூரமா? ஓட்டத்திலே அவன் தோற்கமாட்டான், ஏட்டிலேதான் தோற்கிறான். ஏடும் அவன் கைக்கு வரட்டும் என்கிறோம்.

அண்டையிலுள்ள சேலம் மாவட்டத்தைப் பாருங்கள். பெரியவடகம்பட்டி மாரியப்பன், ஐந்து வயதிலே பஸ் ஏறி வலக்கால் நசுங்கிய பிள்ளை. காய்கறி விற்ற தாயின் மகன். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிசில் வெண்கலம். உயரம் தாண்ட அவரைத் தூண்டியது யார்? பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்! அந்த ஆசிரியரில்லாத பள்ளிகளிலே எத்தனை மாரியப்பன்கள் மங்கிப் போனார்களோ!

ஆகவே, படி என்று பிள்ளைக்குச் சொன்னால் போதாது. பணி கொடு என்று அரசுக்கும் சொல்லவேண்டும். 2012இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல் முதலிய பாடங்களுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழ்நாடு அரசு அமர்த்தியது. மாதம் 5,000 ரூபாய்! பிறகு சிறுகச் சிறுக உயர்ந்தது. ஆண்டுக்கணக்கில் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வீதியில் நின்றார்கள். பட்டம் பெற்றவனைப் பாதிச் சோற்றிலே நிறுத்தினால், அடுத்த பிள்ளை எந்தத் துணிவிலே இந்தப் படியில் கால் வைப்பான்? விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்க்கும் பள்ளிகளையும் தட்டிக் கேட்கவேண்டாமா?

தோழர்களே! மன்றத்திலும் படிப்பகத்திலும் இதைப் பேசுங்கள். ஓடும் பிள்ளையைக் கண்டால் கை தட்டுவதோடு நில்லாதீர். விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிதானா என்று பார்த்த பிறகே பணம் கட்டச் சொல்லுங்கள். கால் அவனிடம் இருக்கிறது. வழி காட்டுவது நம் கடமை. வழியிலே வேலை வைப்பது ஆள்வோர் கடமை!