எல்போவின் உட்புறம்

ஜப்பானில் வடிவமைக்கப்பட்ட 1500 மெகாவாட் சோடியத்தால் குளிர்விக்கப்படும் வேக அணு உலையில், சூடான சோடியத்தை உலைக்கலத்திலிருந்து வெளியே கொண்டுவரும் குழாயின் விட்டம் 1.27 மீட்டர். ஆறு வயதுப் பிள்ளை குனியாமல் நடந்து போகலாம். அதற்குள் 550 டிகிரி செல்சியஸ் சோடியம் நொடிக்கு 9 மீட்டருக்கு மேலான வேகத்தில் ஓட வேண்டும். மேல்நோக்கி வரும் அந்தக் குழாய் ஓரிடத்தில் சட்டென்று படுக்கைவாட்டில் திரும்புகிறது. எல்போ எனப்படும் அந்த முழங்கை வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தளவுதான். அதாவது மிகவும் குறுகிய திருப்பம்.

ஏன் இவ்வளவு பெரிய குழாய், இவ்வளவு வேகம்? செலவுதான் காரணம். மூன்று நான்கு இணைச் சுற்றுகளுக்குப் பதில் இரண்டே இணைச் சுற்றுகள் வைத்தால் எஃகும் கட்டடமும் மிச்சம். ஆனால் ஒவ்வொரு குழாயும் பருக்க வேண்டும், ஓட்டமும் விரைய வேண்டும்.

ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரை அரிபடும், உள்கரையில் மணல் ஒதுங்கும். குழாயிலும் நடப்பது அதே இயற்பியல்தான். நடுவில் விரைந்து வரும் திரவம் வெளிச்சுவரை நோக்கித் தள்ளப்படுகிறது; சுவரோரம் மெதுவாக ஊர்வது உட்பக்கமாக நழுவுகிறது. இப்படி இரட்டைச் சுழல் பிறப்பதை டபிள்யூ. ஆர். டீன் 1920-களிலேயே கணக்கிட்டுக் காட்டினார்.

வளைவு குறுகினால் இன்னொன்றும் சேரும். உட்சுவரை ஒட்டி வந்த திரவம் அந்தத் திருப்பத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், எல்போவைக் கடந்ததும் சுவரை விட்டுப் பிரிகிறது. பிரிந்த இடத்தில் ஓட்டம் தேங்கிப் பின்னோக்கிச் சுழல்கிறது. அதன் விளிம்பிலிருந்து சுழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று போகின்றன. ஒவ்வொரு சுழியும் சுவரின் மேலுள்ள அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. வேகமான திரவம் மோதும் வெளிச்சுவரைத்தான் பலரும் சந்தேகிப்பார்கள். உண்மையில் மிகுதியாக அலைபாய்வது உட்புறம், எல்போவைத் தாண்டிய பகுதி.

இந்தக் குழாய்க்குக் கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் மூன்றரை முறை அழுத்தம் ஏறி இறங்கும். ஒரு நாளைக்கு மூன்று லட்சம், ஆண்டுக்குப் பத்துக் கோடிக்கு மேல். உலையின் ஆயுளோ 60 ஆண்டு. ஓட்டத்தின் சராசரி விசையை எஃகு எளிதில் தாங்கும். கோடிக்கணக்கான சிறு அசைவுகள்தான் அதை அயரவைத்து விரிசல் காண வைக்கும். குழாயின் இயல்பு அதிர்வெண் அந்த மூன்றரைக்கு அருகில் இருந்துவிட்டால் ஆட்டம் பன்மடங்கு பெருகும்.

இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. 1995 டிசம்பர் 8 அன்று அதே ஜப்பானின் மொஞ்சு உலையில், உலைக்கருவுக்குள் போகாமல் முதல் சுற்றிலிருந்து வெப்பத்தை வாங்கும் இரண்டாம் சுற்றுச் சோடியக் குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்த வெப்பமானியின் உறை அதிர்வால் முறிந்தது. சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. ஓட்டத்துக்குக் குறுக்கே ஆடினால் என்னாகும் என்று வடிவமைத்தவர்கள் பார்த்திருந்தார்கள். ஓட்டத்தின் திசையிலேயே அது ஆடும் என்பதைப் பார்க்கவில்லை. உலை மீண்டும் இயங்க 2010 ஆகிவிட்டது. மாறாக, கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலையில் முதல் சுற்றுச் சோடியம் முழுவதும் ஒரே பெருந்தொட்டிக்குள் இருப்பதால் 1.27 மீட்டர் போன்ற ராட்சதக் குழாய் அங்கே தேவைப்படவில்லை. இரண்டாம் சுற்றுச் சோடியம்தான் தொட்டிக்கு வெளியே பெருங்குழாய் வழியே போகிறது.

உருகிய சோடியத்தின் ஊடே பார்க்க முடியாது. அந்தச் சூட்டில் காற்றுப்பட்டால் தீப்பிடிக்கும். ஆகவே ஜப்பானிய ஆய்வாளர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, தண்ணீரை ஓடவிட்டு அளந்தார்கள். ஓட்டம் போதிய அளவு கொந்தளித்துவிட்டால் திரவம் எது என்பதைப் பொறுத்துப் பிரிவின் வடிவம் அதிகம் மாறுவதில்லை என்பதால் இது செல்லும்.

அப்படியானால் குழாயை இறுக்கிக் கட்டிவிட வேண்டியதுதானே? அங்கேதான் வெப்பம் குறுக்கே வருகிறது. 10 மீட்டர் நீளத் துருப்பிடிக்கா எஃகுக் குழாய் 550 டிகிரிக்குச் சூடேறினால் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் நீளும். நீள இடம் கொடுக்காமல் பிடித்தால் அந்த இறுக்கமே உலோகத்தை நெளித்துக் கெடுக்கும். அதனால்தான் குறைவாக விரியும் குரோமிய எஃகைத் தேர்ந்தார்கள். தாங்கிகளை எங்கே வைப்பது, எவ்வளவு விட்டுப் பிடிப்பது என்பதை அளந்த அழுத்த அலைவுகளை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.