எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றானது எப்படி?

கூஃபா நகரப் பள்ளிவாசலில் கலீஃபா அலீ மிம்பரில், அதாவது உரைமேடையில், நின்று உரையாற்றிக்கொண்டிருக்கிறார். கூட்டத்திலிருந்து ஒருவர் பாகப்பிரிவினைச் சிக்கல் ஒன்றைக் கேட்கிறார். இறந்துபோனவருக்கு மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை இருக்கிறார்கள். மனைவிக்கு என்ன சேரும்? உரையின் ஓட்டம் அறுபடாமலே, அவளுடைய எட்டில் ஒரு பங்கு ஒன்பதில் ஒரு பங்காகிவிட்டது என்று அலீ சொல்லிவிட்டுத் தொடர்ந்தாராம். அதனால் இந்தக் கணக்குக்கு ‘மிம்பர் வழக்கு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குர்ஆனின் நான்காவது அத்தியாயம் வாரிசுகளுக்குப் பங்குகளை நிர்ணயிக்கிறது. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மகன் இல்லாமல் இரண்டு மகள்கள் இருந்தால் அவர்களுக்கு மூன்றில் இரண்டு. தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கும் ஆறில் ஒன்று. சொத்தை 24 கூறாக்கினால் மனைவிக்கு 3, மகள்களுக்கு 16, பெற்றோருக்கு நான்கு நான்காக 8. கூட்டினால் 27 வருகிறது. இருப்பதோ 24 கூறுதான்.

அலீ செய்தது இது. 24ஐ விட்டுவிட்டு, சொத்தை 27 கூறாக்கிவிட்டார். எல்லோருக்கும் கூறுகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஒவ்வொரு கூறும் கொஞ்சம் சிறுத்துவிடும். மனைவிக்கு 27இல் 3, அதாவது ஒன்பதில் ஒன்று. சொத்து 27 லட்சம் என்றால் மனைவிக்கு 3 லட்சம், மகள்களுக்குத் தலா 8 லட்சம், தாய்க்கும் தந்தைக்கும் தலா 4 லட்சம். ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை, குறையவும் இல்லை. ‘ஔல்’ என்று அழைக்கப்படும் இந்த முறை இன்றைக்கும் நம் சட்டக் கல்லூரிகளில் முஸ்லிம் வாரிசுரிமைப் பாடத்தில் வருகிறது.

இந்தப் பின்னங்கள் வந்த பின்னணியைத் தெரிந்துகொண்டால்தான் மேலே போகமுடியும். 625இல் நடந்த உஹுதுப் போரில் ஸஅது இப்னு ரபீஉ என்பவர் இறந்துபோனார். அன்றைய அரேபிய வழக்கப்படி அவருடைய சகோதரர் வந்து சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். விதவை தன் இரண்டு பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நபிகளிடம் வந்து முறையிட்டார். அதன்பிறகே வாரிசுரிமை வசனம் வந்தது என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மகள்களுக்கு மூன்றில் இரண்டு, விதவைக்கு எட்டில் ஒன்று, மீதி மட்டும் சகோதரருக்கு என்று தீர்ப்பானது. 24 கூறில் அவருக்கு எஞ்சியது 5. முழுச் சொத்தையும் எடுத்துக்கொண்டவர் கடைசி ஆளாக நின்று மிச்சத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆனால் நிர்ணயித்த பங்குகள் ஒரே வீட்டில் ஒன்றுசேரும்போது முழுமையைத் தாண்டிவிடும் என்பதை முதலில் எதிர்கொண்டவர் கலீஃபா உமர். 634 முதல் 644 வரையிலான அவருடைய ஆட்சியில் ஒரு பெண் இறந்தாள். கணவனும் உடன்பிறந்த சகோதரிகள் இருவரும் இருந்தார்கள். பிள்ளை இல்லாததால் கணவனுக்குப் பாதி. சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. ஆறு கூறுள்ள சொத்தில் ஏழு கூறு கொடுத்தாகவேண்டும். இறைவன் யாரை முன்னால் வைத்தான், யாரைப் பின்னால் வைத்தான் என்று தமக்குத் தெரியவில்லை என உமர் திகைத்து, நபித்தோழர்களிடம் ஆலோசனை கேட்டார். அப்போது ஒருவர் கடனை எடுத்துக்காட்டினார். ஆறு திர்ஹம் விட்டுப்போனவன் ஒருவனுக்கு மூன்றும் இன்னொருவனுக்கு நான்கும் தரவேண்டியிருந்தால் என்ன செய்வோம்? ஏழாகப் பிரித்து, குறையை இருவர் தலையிலும் அவரவர் கடனுக்குத் தக்கபடி வைப்போம். வாரிசுகளுக்கும் அப்படியே செய்தால் என்ன? உமர் ஏற்றுக்கொண்டார்.

எனக்கு வியப்பு தருவது, இதைக் கணக்கு மட்டுமே தீர்த்திருக்க முடியாது என்பதுதான். ஆறில் ஏழு போகாது என்று சொல்வதோடு கணக்கின் வேலை முடிந்துவிடுகிறது. குறைகிற ஒரு கூறை யார் சுமப்பது என்பது அறத்தின் கேள்வி. உமரின் மறைவுக்குப் பிறகு நபித்தோழர் இப்னு அப்பாஸ் இந்தத் தீர்ப்பை வெளிப்படையாக மறுத்தார். பாலைவன மணலையே எண்ணி வைத்திருக்கிற இறைவன் ஒரு சொத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முழுமையை வைத்திருப்பானா என்பது அவர் வாதம். கணவன், மனைவி, தாய் ஆகியோரின் பங்கு ஓர் எல்லைக்குக் கீழே போகாது. மகள்களும் சகோதரிகளும் மீதி பெறுகிறவர்களாகவும் மாறக்கூடியவர்கள். ஆகவே குறையை அவர்கள்தான் ஏற்கவேண்டும் என்றார். உமர் இருந்தபோதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அவர்மீது இருந்த அச்சம் கலந்த மரியாதை தடுத்தது என்றாராம். ஷியா சட்டம் ஔலை ஏற்பதில்லை. மேலே சொன்ன மிம்பர் வழக்கில் அவர்களுடைய கணக்கு வேறு. சுன்னி நூல்களோ உமரின் முறையைச் சட்டமாக்கிய பிறகும் இப்னு அப்பாஸின் மறுப்பைக் காரணங்களோடு எழுதிவைத்தன.

உமரே தம் தீர்ப்பை மாற்றிய வழக்கு ஒன்றும் உண்டு. இறந்த பெண்ணுக்குக் கணவன், தாய், தாய் ஒன்றாகவும் தகப்பன் வேறாகவும் உள்ள சகோதரர்கள் இருவர், அப்புறம் தாயும் தகப்பனும் ஒன்றான முழுச் சகோதரர்கள். கணவனுக்குப் பாதி, தாய்க்கு ஆறில் ஒன்று, தாய்வழிச் சகோதரர்களுக்கு மூன்றில் ஒன்று. சொத்து தீர்ந்துவிட்டது. மீதியை வாங்கவேண்டிய முழுச் சகோதரர்களுக்கு மீதியே இல்லை. முதலில் அப்படியே தீர்ப்பளித்த உமரிடம், பின்னர் அதே நிலை வந்தபோது அந்தச் சகோதரர்கள் முறையிட்டார்கள்: எங்கள் தகப்பனைக் கழுதை என்றே வைத்துக்கொள்ளுங்கள், தாய் ஒருத்தி இல்லையா? உமர் அவர்களையும் அந்த மூன்றில் ஒரு பங்கில் சேர்த்துவிட்டார். முந்தைய தீர்ப்பு என்னாவது என்று கேட்டதற்கு, அது அன்று நாம் முடிவு செய்தபடி, இது இன்று முடிவு செய்கிறபடி என்று பதில் வந்தது. இதைச் சட்ட நூல்கள் ‘கழுதை வழக்கு’ என்கின்றன.

சுன்னி சட்டப் பள்ளிகளான மத்ஹபுகளில் மாலிக்கி, ஷாஃபி இரண்டும் உமரின் இரண்டாம் தீர்ப்பையும், ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகள் முதல் தீர்ப்பையும் பின்பற்றுகின்றன. காயல்பட்டினத்திலும் இலங்கை முஸ்லிம்களிடையிலும் ஷாஃபி வழக்கம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஹனஃபி. ஆகவே அதே உறவுகளை விட்டு ஒரு பெண் இறந்தால், காயலில் முழுச் சகோதரனுக்குப் பங்கு உண்டு, ஆம்பூரில் இல்லை. மதீனாவில் நடந்த ஒரு வழக்கின் இரண்டு தீர்ப்புகளும் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன.

இனி பாக்தாதுக்கு வருவோம். கலீஃபா மஃமூனின் ஆட்சி, 813 முதல் 833 வரை. அங்கே முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மி எழுதிய நூல்தான் இயற்கணிதத்தைத் தனித் துறையாக நிறுத்தியது. பள்ளிப் பாடப் புத்தகங்கள் சமன்பாட்டோடு நின்றுவிடுகின்றன. அந்த நூலில் ஏறக்குறைய பாதி வாரிசுச் சொத்தும் மரண சாசனமும் பற்றியது என்பதைச் சொல்வதில்லை. முன்னுரையிலேயே அவர், வாரிசுரிமை, சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கு இது என்று சொல்லிவிடுகிறார்.

அவருடைய கணக்கு ஒன்று. ஒருவர் இரண்டு மகன்களை விட்டு இறக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். மகன்களில் ஒருவன் அவருக்கு 10 திர்ஹம் கடன்பட்டிருக்கிறான். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வெளியாள் ஒருவருக்குச் சாசனம் செய்திருக்கிறார். மொத்தம் 20 என்று வைத்தால் ஆளுக்கு ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் பெட்டியில் இருப்பது 10தான், அதை வைத்து மற்ற இருவருக்கும் அவ்வளவு கொடுக்க முடியாது. கடன்பட்ட மகனின் பங்கு எவ்வளவோ அவ்வளவு கடன்தான் இங்கே கழியும். அவன் பங்கு எவ்வளவு? சொத்து எவ்வளவு என்று தெரிந்தால் சொல்லலாம். சொத்து எவ்வளவு? கடனில் எவ்வளவு தேறும் என்று தெரிந்தால் சொல்லலாம். கேள்வி தன் வாலைத் தானே பிடித்துக்கொண்டு சுற்றுகிறது.

தேறும் கடனைத் தெரியாத ‘பொருள்’ என்று அல்குவாரிஸ்மி வைத்துக்கொள்கிறார். அப்படியானால் சொத்து, 10உம் ஒரு பொருளும். மூன்றில் ஒன்று வெளியாளுக்கு, மூன்றில் ஒன்று ஒரு மகனுக்கு, மூன்றில் ஒன்று கடன்பட்டவனுக்கு. அந்தக் கடைசிப் பங்கேதான் அந்தப் பொருள். எனவே மூன்று பொருள் என்பது 10உம் ஒரு பொருளும், இரண்டு பொருள் 10, பொருள் 5. பெட்டியிலுள்ள பத்தை வெளியாளும் மற்ற மகனும் ஐந்தைந்தாக எடுத்துக்கொள்ளலாம். கடன்பட்டவனின் ஐந்து கடனில் கழிந்துவிடும். அல்குவாரிஸ்மி இதற்கு ஒரு குறியீடும் பயன்படுத்தவில்லை. எண்களைக்கூடச் சொல்லாகவே எழுதினார்.

1831இல் இந்த நூலை லண்டனில் பதிப்பித்து மொழிபெயர்த்த ஃபிரெடெரிக் ரோசன், சாசனக் கணக்குகளில் பெரும்பாலானவை கணித நோக்கில் தவறானவை, சமன்பாடு அமைக்கும்போதே தான்தோன்றியாக எதையோ கூட்டிக்கொள்கின்றன என்று குறிப்பு எழுதினார். நூறாண்டுக்கு மேல் அந்தப் பழி நின்றது. 1938இல் சாலமன் காண்ட்ஸ் என்ற கணித வரலாற்றாய்வாளர் அந்தக் கணக்குகளை ஹனஃபி சட்டத்தோடு ஒப்பிட்டுப் படித்தபோது விடுகதை அவிழ்ந்தது. மரணப் படுக்கையில் ஒருவர் செய்யும் தானம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதமில்லாமல் செல்லாது. வாரிசுகளை ஏமாற்ற யாரும் கடைசி நேரத்தில் சொத்தை வாரிவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. ரோசனுக்குத் தான்தோன்றியாகத் தெரிந்தவை இப்படிப்பட்ட சட்ட விதிகள். சட்டம் தெரியாமல் அந்தச் சமன்பாட்டை எழுதவே முடியாது. கணிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சட்டத்தை ஒதுக்கிவைத்துப் படிப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த மூன்றில் ஒரு பங்கு இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு வேலை செய்தது. தாத்தா உயிரோடிருக்கும்போதே மகன் இறந்துவிட்டால், வேறு மகன்கள் இருக்கையில் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் சொத்தில் பங்கு கிடையாது என்பது பழைய விதி. அனாதையான குழந்தை சொத்தையும் இழந்தது. 1961இல் பாகிஸ்தான், பேரப்பிள்ளை தன் தகப்பன் இடத்தில் நேரடியாக வாரிசாகும் என்று சட்டம் இயற்றியது. அதற்கு முன்பே, 1946இல், எகிப்து வேறு வழி கண்டது. 1064இல் இறந்த குர்துபா அறிஞர் இப்னு ஹஸ்ம், வாரிசாக வராத உறவினருக்குச் சாசனம் செய்வது கட்டாயக் கடமை என்று எழுதியிருந்தார். நான்கு மத்ஹபுகளும் ஏற்காத கருத்து அது. ஆனாலும் நூல்களில் அழியாமல் இருந்தது. அதைத் துணையாகக் கொண்ட எகிப்தியச் சட்டம், தாத்தா எழுதாவிட்டாலும் எழுதியதாகவே கொண்டு, இறந்த மகனுக்கு வந்திருக்கக்கூடிய பங்கை, மூன்றில் ஒன்றுக்கு மிகாமல், பேரப்பிள்ளைகளுக்கு முதலில் எடுத்து வைக்கிறது. அதன்பிறகே மற்ற வாரிசுகளின் பின்னங்களுக்குக் கணக்குத் தொடங்குகிறது.