குருதியிற் புற்றுநோய்க் குறி காணும் நுண்கருவி

போடிநாயக்கனூருக்கு மலையினின்று வந்து சேரும் ஏலக்காய் சல்லடையிலிட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றது. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருங்காய் ஒருபுறமும் சிறுகாய் மற்றொருபுறமுமாகப் பிரிந்த பின்னரும், நிறம் வெளுத்தனவும் வாய் பிளந்தனவுமாகிய காய்களைப் பெண்கள் கையாற் பொறுக்கி நீக்குவர். சல்லடை அளவை மாத்திரமே அறியும்; காயின் தகுதியை அறிவது கண்ணும் பழக்கமுமாம். இவ்விரு வேலைகளையும் மனத்திற் கொள்வோமாயின், விஞ்ஞானிகள் பெரிதும் முயன்றுவரும் நூதனக் கருவி ஒன்றன் இயல்பும் எல்லையும் எளிதில் விளங்கும். ஒரு துளி இரத்தத்திற் புற்றுநோயின் அடையாளத்தைத் தேடும் நானோ உயிரி உணரியே அக்கருவியாகும்.

புற்றுநோய்க் கட்டிகளுட் சில, குறிப்பிட்ட புரதங்களை மிகுதியாக இரத்தத்தில் விடுகின்றன. அவற்றைக் குறிப்பொருள்கள் என்பர். பெருங்குடற் புற்றில் மிகும் சி.இ.ஏ. என்பது 1965-இற் கண்டறியப்பட்டது. ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் நோயுற்றபோது உயர்வது பி.எஸ்.ஏ. என்னும் புரதம். மில்லிலிட்டர் ஒன்றுக்கு 4 நானோகிராம் என்பது இதற்கு நெடுங்காலமாக வழங்கிவரும் எல்லை. அதே ஒரு மில்லிலிட்டர் இரத்தநீரிலுள்ள புரதங்களெல்லாம் ஏறக்குறைய 70 மில்லிகிராம் எடையுள்ளன. கணக்கிட்டுப் பார்ப்பின், நாம் தேடும் பொருள் ஒன்றேமுக்காற் கோடியில் ஒரு பங்கேயாம்! அத்துணைக் காய்கள் குவிந்த கிடங்கில் ஒரேயொரு காயைத் தேடுவதற்கு இது நிகராகும்.

இத்துணைச் சிறு பொருளைப் பிடிப்பது எங்ஙனம்? மில்லிமீட்டர் ஒன்றிற் பத்து லட்சம் நானோமீட்டர் அடங்கும்; 8 மில்லிமீட்டர் ஏலக்காய் 80 லட்சம் நானோமீட்டர் அகலமுடையது. நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களின் மூலக்கூறோ சுமார் 10 நானோமீட்டரே. ஓர் எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைப் பூட்டும் திறவுகோலும்போலப் பற்றும் இயல்பினது. அதனை மிக நுண்ணிய சிலிகன் கம்பியின்மீது ஒட்டவைத்து, கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்துவர். குறிப்பொருள் வந்து பற்றியவுடன் அதன் மின்னேற்றம் கம்பியின் ஓட்டத்தைச் சிறிது மாற்றும்; அம்மாறுதலே செய்தியாகும்.

கம்பி நுண்ணியதாயிருத்தல் ஏன்? பெருக்கெடுத்தோடும் கொட்டகுடி ஆற்றிற் கூழாங்கல்லொன்றை இடின் நீரோட்டம் மாறாது. விரலகல வாய்க்காலில் இட்டாலோ நீர் தடைப்படும். கம்பியும் அத்தகையதே. ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் சார்ல்ஸ் லீபர் குழுவினர் 2001-இல் இத்தகைய கம்பியுணரியைச் செய்து காட்டினர். 2005-இல் பல புற்றுநோய்க் குறிப்பொருள்களை ஒரே வேளையிற் கண்டு காட்டினர்.

எனினும் இரத்தம் தெளிந்த நீரன்று. அதிலுள்ள உப்பின் அயனிகள் மின்னேற்றத்தை ஒரு நானோமீட்டருக்குள்ளேயே மறைத்துவிடும். எதிர்ப்பொருளின் நீளமோ அதனினும் பன்மடங்கு. ஆகையால் உப்பை நீக்கிய பின்னரே பலவேளைகளில் அளக்க வேண்டியிருக்கிறது. அன்றியும், ஆல்புமின் முதலிய பிற புரதங்கள் கம்பியில் வீணே ஒட்டிப் பொய்ச்செய்தி தருதலும் உண்டு. சர்க்கரை நோயாளர் வீட்டிலேயே இரத்தத்தைச் சோதிக்கும் சிறு கருவியும் உயிரி உணரியே. ஆனால் சர்க்கரை இரத்தத்தில் மிகுதியாயுள்ள பொருள், புற்றுக்குறியோ அத்தகையதன்று. இதனாற்றான் நானோ உணரிகள் பெரும்பாலும் ஆராய்ச்சிச் சாலைகளையே சார்ந்து நிற்கின்றன.

இத்தடைகளெல்லாம் நீங்கிவிட்டன எனவே வைத்துக்கொள்வோம். அப்போதும் கருவி சல்லடையின் வேலையை மாத்திரமே செய்யும். சி.ஏ. 125 என்பது சூற்பைப் புற்றில் உயரும் குறிப்பொருள். ஆயின் வயிற்றுக் காசநோயிலும், மாதவிலக்கின்போதும் அஃது உயர்வதுண்டு. பி.எஸ்.ஏ.யும் முதுமையிற் சுரப்பி வெறுமனே பருத்தலால் உயரும். பொருளைப் பிடித்தல் வேறு, நோயைத் துணிதல் வேறு.

ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். ஆயிரம் பேரில் நால்வர்க்கே நோய் உளதென்றும், கருவி அந்நால்வரையும் தவறாது காட்டுமென்றும், நோயற்றவருள் நூற்றுக்கு ஐவரைத் தவறாக நோயுடையவராகக் காட்டுமென்றும் கொள்வோம். நோயற்றவர் 996 பேர். அவருட் சுமார் 50 பேர் வீணே அச்சுறுத்தப்படுவர். கருவி சுட்டிய 54 பேரில் உண்மை நோயாளர் நால்வரே!

இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. விடியுமுன் ஜீப்பிலேறி, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள தோட்டங்களிற் காயெடுக்கச் செல்லும் ஒரு தாயை நினைமின். “உனக்குப் புற்றுநோய் இருக்கக்கூடும்” என்ற ஒரு சொல்லுக்காக அவள் பன்னாட் கூலியையும் உறக்கத்தையும் இழந்து பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அலைய நேரிடும். நோய் உண்மையாயின் அவ்வலைச்சல் உயிரைக் காக்கும். பொய்யாயின் அந்நட்டத்தை அவளுக்கு ஈடுசெய்வார் யார்?

எனில், நோயை முன்னறியும் முயற்சி வீணோ? அன்று. நம் அண்டை மாவட்டமாகிய திண்டுக்கல்லில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு இதற்குச் சான்று. கருப்பைவாய்ப் புற்றை முன்னறியும் பொருட்டு, 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் சோதனைக்குரியோராகக் கொள்ளப்பட்டனர். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்திட்டு தோன்றுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணாற் பார்த்தனர். இரத்தமும் எடுக்கவில்லை, நானோக் கம்பியும் இல்லை. ஐயத்திற்கிடமானவர்க்கு மேற்சோதனையும், வேண்டியவர்க்குச் சிகிச்சையும் தொடர்ந்து கிடைத்தன. 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவின்படி, சோதனை நடந்த ஊர்களில் அந்நோய் நூற்றுக்கு 25 பங்கும், அதனால் நேரும் மரணம் 35 பங்கும் குறைந்தன.

இதனால் அறியத்தக்கது யாது? கருவி எளியதாயினும் அதன் பின்னே மருத்துவம் காத்திருந்தமையால் உயிர்கள் பிழைத்தன. கருவி எத்துணை நுண்ணியதாயினும், அதன் சொல்லை ஆராய்ந்து தேறுவாரும் சிகிச்சை அளிப்பாரும் அருகில் இல்லையாயின், அஃது அச்சத்தையே விளைக்கும்.

மாணவ நண்பர்காள்! உங்களுட் பௌதிகம் பயில்வோர் கம்பியைச் செம்மை செய்யலாம். இரசாயனம் பயில்வோர் உப்பின் தடையை வெல்லலாம். கணிதம் பயில்வோர் மெய்யையும் பொய்யையும் எண்ணிப் பிரிக்கலாம். ஆயினும் எவ்வழிச் செல்வீராயினும், அம்மலைப்பாதையில் ஜீப்பேறும் தாயை மறவாதிருப்பீராக. அவள் கையில் நாம் கொடுக்கும் விடை அவளுக்குப் பயன்படுமா என்பதே நம் கருவிக்குரிய கடைசிச் சோதனையாகும்.